தேன்சிட்டுக்கும் விஷ்ணுகிராந்திக்கும் ஒரே கேமரா போதுமா? நடைக்குழுவுக்கு நான்கு வழிகள்

ஞாயிறு விடியலில் நாலைந்து பேராக ஏரிக்கரைக்கோ குன்றடிவாரத்துக்கோ நடக்கத் தொடங்கும் குழுக்களில் இரண்டு மூன்று மாதத்துக்குள் தவறாமல் முளைக்கும் கேள்வி இது: போன் போதவில்லை, அடுத்து என்ன வாங்குவது? கடையில் கேட்டால் ஜூம் எத்தனை எக்ஸ் என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுவார்கள். நண்பரிடம் கேட்டால் தன் கையில் இருப்பதையே பரிந்துரைப்பார்.

பறவை நம்மைக் கிட்டே விடாது. பூவோ கிட்டே போகாமல் பிடிபடாது. இந்த இரண்டு எதிரெதிர் வேலைகளையும் ஒரே தோளில் சுமந்து, ஒரே நடையில், கூட வருபவர்களைக் காக்க வைக்காமல் செய்தாக வேண்டும். பறவை மட்டும் என்றாலோ பூ மட்டும் என்றாலோ பதில் சுலபம். இரண்டும் வேண்டும் என்னும்போதுதான் காசு தப்பான இடத்தில் போய் விழுகிறது.

நான்கு வழிகளையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்ப்போம். 10 மீட்டர் தள்ளி எருக்கஞ்செடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தேன்சிட்டு; அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை சுமார் 10 செ.மீ. காலடியில் பூத்திருக்கும் ஒரு விஷ்ணுகிராந்தி. பூவின் அகலம் 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து எடைபோடுவது

எட்டம். ஜூம் எக்ஸை மறந்துவிடுங்கள். 35 மி.மீ. கணக்கில் (பழைய ஃபிலிம் சட்டத்தின் 36 மி.மீ. அகலத்தை அளவுகோலாக வைத்து) சொல்லப்படும் குவியத் தொலைவுதான் வேண்டியது. படத்தில் விழும் காட்சியின் அகலம் = தூரம் × 36 ÷ குவியத் தொலைவு. 10 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸ் 60 செ.மீ. அகலத்தைப் பார்க்கும். அதில் 10 செ.மீ. சிட்டு ஆறில் ஒரு பங்கு. படம் 6,000 பிக்சல் அகலம் என்றால் சிட்டுக்கு 1,000 பிக்சல் கிடைக்கும். இன்ன பறவை என்று சொல்ல 200, 300 பிக்சல் போதும். இறகின் மினுமினுப்பு தெரிய வேண்டுமானால் 1,000 பக்கம் வர வேண்டும்.

நெருக்கம். பூவுக்கு எவ்வளவு கிட்டே போக முடியும் என்பது பாதிக் கேள்விதான். அந்த இடத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும், நம் நிழல் பூமேல் விழுமா என்பது மீதி.

விடியல் வெளிச்சம். நல்ல பறவை நேரம் 6 முதல் 9 மணி வரை. அப்போது வெளிச்சம் குறைவு. சென்சார் பெரிதா சிறிதா என்றே எல்லோரும் பேசுகிறார்கள். தொலைவில் இருக்கும் பறவையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் வாய். நிஜக் குவியத் தொலைவை (35 மி.மீ. கணக்கை அல்ல) லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் விட்டம் வரும். 400 மி.மீ. எஃப் 8 லென்ஸுக்கு 50 மி.மீ. 500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸுக்கு 89 மி.மீ. பரப்பளவில் இது மூன்று மடங்குக்கும் மேல். அதே சிட்டிலிருந்து அத்தனை மடங்கு ஒளி உள்ளே வருகிறது.

பிடிக்கும் வேகம். பறவை கண்ணில் பட்டதிலிருந்து ஃபோகஸ் விழும்வரை ஆகும் நேரம். தேன்சிட்டு ஒரு பூவில் இரண்டு மூன்று விநாடி நின்றாலே அதிகம்.

சுமை. 3 கி.மீ. நடைக்குப் பிறகு கழுத்து சொல்லும் எண்தான் உண்மையான எண். ஒரு கிலோவுக்கு உள்ளே இருந்தால் கையில் வைத்துக்கொண்டே நடப்பீர்கள். மூன்று கிலோ என்றால் பைக்குள் போகும். பைக்குள் போன கேமராவுக்குள் பறவை வராது.

விலையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பெட்டியில் ஒட்டிய விலை வேறு, கடைசியில் ஆகும் செலவு வேறு. அது பின்னால் தனியாக வருகிறது.

## வழி 1: கையில் இருக்கும் போனும் ஒரு பைனாகுலரும்

பூவுக்குப் போனைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் செடியை அடையாளம் காண முயன்று பார்க்காதவர்கள். ஒரு செடிக்கு ஒரே அழகான படம் போதாது. பூவின் முகம், பக்கவாட்டு, இலையின் மேற்புறமும் அடிப்புறமும், தண்டில் இலைகள் எதிரெதிராக உள்ளனவா மாறி மாறி உள்ளனவா என்பது, முழுச் செடி, காய் இருந்தால் காய் என்று ஐந்தாறு படம் வேண்டும். தும்பை இனங்களைப் பிரிக்கப் பூவைவிடப் புல்லிவட்டத்தின் (இதழ்களுக்கு அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தின்) வாய் எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரு நிமிடத்தில், இடக்குறிப்போடு எடுத்துத் தருவது போன்தான். ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் அங்கேயே ஏற்றியும் விடலாம்.

போனின் முதன்மைக் கேமராவைச் சுமார் 12 செ.மீ. தூரத்தில் பிடித்தால் விஷ்ணுகிராந்திக்கு 150 பிக்சல்தான் தேறும். விலை குறைந்த போன்களில் ‘மேக்ரோ’ என்று தனியாகத் தரும் 2 மெகாபிக்சல் கேமரா வெறும் அலங்காரம். அதை அணைத்துவிட்டு முதன்மைக் கேமராவிலேயே 2 எக்ஸ் வைத்துச் சற்றுத் தள்ளி எடுங்கள், நிழலும் விழாது. இன்னும் நெருக்கம் வேண்டுமானால் கவ்வி மாட்டும் மேக்ரோ லென்ஸ். 2.5 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும் வகையில் அதே பூ 700 பிக்சலைத் தாண்டும். அந்தத் தூரத்தில் காற்று லேசாக அசைந்தாலும் படம் போச்சு. பூத்தண்டுக்கு ஒரு குச்சியை அண்டை கொடுத்து, பத்துப் படம் தொடர்ந்து எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

செங்காந்தளின் சிவப்பும் ஆவாரையின் மஞ்சளும் போனில் வழித்துவிட்டதுபோல் ஒரே தட்டையாக வரும். பூவின்மேல் தட்டி, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்து, இதழின் நரம்பு தெரியும்வரை குறைக்க வேண்டும்.

பறவைக்குப் போன் தோற்கிறது, அதில் சந்தேகமில்லை. 5 எக்ஸ் டெலி உள்ள விலையுயர்ந்த போனிலும் நம் தேன்சிட்டு 130 பிக்சல். சாதாரண போனில் 30கூட வராது. அதற்குமேல் காட்டுவதெல்லாம் மென்பொருள் வரைந்த ஓவியம். இல்லாத இறகுக்கோடுகளை அது போட்டுக் கொடுப்பதால் அடையாளமே தப்பாகப் போவதுண்டு.

அதனால்தான் பைனாகுலர். 8x42 என்ற அளவு நடைக்குப் பொருத்தம்: 8 மடங்கு கை நடுக்கத்தைத் தாங்கும், 42 மி.மீ. வாய் விடியலிலும் வெளிச்சமாகக் காட்டும். எடை 650 முதல் 750 கிராம். மீன்கொத்தி, நாரை மாதிரி ஓரிடத்தில் நிற்பவற்றுக்குப் போனைப் பைனாகுலரின் கண்வில்லையில் பொருத்திச் சான்றுப்படம் எடுக்கலாம். கண்வில்லையின் ரப்பர் வளையத்தை உள்ளே சுருட்டி, போனை 2 எக்ஸில் வைத்தால் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் மறையும். பைனாகுலரை ஒரு கம்பத்தின்மேலோ நண்பரின் தோள்மேலோ அழுத்திக்கொண்டால்தான் இது நடக்கும்.

மறைந்திருக்கும் செலவு பணமாக வராது, உறவாக வரும். எட்டம் இல்லாதவர் பறவையை நோக்கி நடந்துகொண்டே இருப்பார். குழுவில் மற்ற ஐந்து பேருக்கும் பறவை பறந்துவிடும்.

இதுவே சரி என்னும் இடம்: நடையின் முதல் ஆறு மாதம், செடிகொடிப் பித்து உள்ளவர்கள், குழுவில் ஏற்கெனவே ஒருவரிடம் நீள லென்ஸ் இருக்கும்போது.

## வழி 2: பிரிட்ஜ் கேமரா

லென்ஸ் கழற்றாத, நீண்ட ஜூம் உள்ள கேமரா. நம் ஊர்ப் பறவை நடைகளில் அதிகம் தென்படும் நிக்கான் பி950ஐ எடுத்துக்கொள்வோம். 24 முதல் 2000 மி.மீ. வரை எட்டம், எடை சுமார் ஒரு கிலோ. நம் தேன்சிட்டு 2,500 பிக்சலுக்கு வந்துவிடும். காகிதத்தில் இதை வெல்ல மற்ற மூன்று வழிகளிலும் ஆளில்லை.

அந்த 2,500ஐ அப்படியே நம்பக் கூடாது. சென்சார் நகத்தளவு. குறைந்த ஒளியில் மென்பொருள் புள்ளிகளைத் தேய்க்கும்போது இறகும் சேர்ந்து தேயும். உண்மையான விவரத்தைப் பாதி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 1,200 தேறுகிறது, குறைவில்லை. இதன் வாய் விட்டம் 55 மி.மீ. (357 ÷ 6.5). அதாவது தொலைவில் நிற்கும் பறவையிடமிருந்து, பின்னால் வரப்போகும் மிரர்லெஸ் கேமராவின் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் வகை) 400 மி.மீ. லென்ஸ் வாங்கும் அளவுக்கே இதுவும் ஒளி வாங்குகிறது. ‘சின்ன சென்சார், ஆகாது’ என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இது உண்மையிலேயே தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, பறவையைக் கண்டுபிடிப்பது. 2000 மி.மீ.யில் 10 மீட்டர் தூரத்தில் தெரிவது 18 செ.மீ. அகலம் மட்டுமே. கிளைகளுக்கு நடுவே சிட்டைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு; அழுத்தினால் ஜூம் தற்காலிகமாக விரியும், பறவையை நடுவில் வைத்துவிட்டு விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். வாங்கிய முதல் வாரம் பழக வேண்டியது இதைத்தான். மற்ற மெனுவெல்லாம் பிறகு.

இரண்டாவது, ஃபோகஸ். முழு ஜூமில் முன்னும் பின்னும் அலைபாயும், அதற்குள் பறவை போயிருக்கும். தொடர் படங்கள் விநாடிக்கு 7 வீதம் பத்துப் படம்தான்; பிறகு அவற்றை எழுதி முடிக்கும்வரை கேமரா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கேமரா மட்டுமல்ல, நீங்களும்தான். பறக்கும் பறவை இதில் கிட்டத்தட்ட இல்லை.

மூன்றாவது, கானல். ஒன்பது மணிக்குமேல் கரை மண்ணும் நீர்ப்பரப்பும் சூடேறினால் 50 மீட்டருக்கு அப்பால் எல்லாம் நெளியும். அப்போது 2000 மி.மீ. எடுப்பது நெளிவைப் பெரிதாக்குவது மட்டுமே. அதில் கேமராவின் தவறு எதுவும் இல்லை. எந்த லென்ஸுக்கும் இதே கதி.

பூவுக்கு வருவோம். அகலக் கோணத்தில் 1 செ.மீ. வரை நெருங்கலாம் என்பது விளம்பரத்துக்குச் சரி; 1 செ.மீ.யில் கேமராவின் நிழலே பூவை மூடிவிடும். முழு ஜூமிலோ 5 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. இடைவழி ஒன்று உண்டு: லென்ஸ் முகப்பில் கவ்வும் ரேனாக்ஸ் டிசிஆர்-150 க்ளோஸ்-அப் கண்ணாடி. 20 செ.மீ. தள்ளி நின்று, ஜூமைக் கூட்டிக் குறைத்துப் பூவை வேண்டிய அளவுக்கு நிரப்பலாம். அந்தத் தூரத்தை விட்டு அதிகம் நகரக் கூடாது. உடம்பை லேசாக முன்னும் பின்னும் ஆட்டித்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும்.

இந்த வகையிலேயே ஒரு விதிவிலக்கு சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. எட்டம் 600 மி.மீ.தான், ஆனால் ஒரு அங்குல சென்சார், கடைசிவரை எஃப் 4, வேகமான ஃபோகஸ். 600இல் 72 செ.மீ. வரை நெருங்கிப் பூவும் பட்டாம்பூச்சியும் எடுக்கும். ஒரே கேமராவில் இரண்டும் என்ற கேள்விக்கு மிக அருகில் வரும் விடை அதுதான். விலை மட்டும் மிரர்லெஸ் பக்கம் போய்விடுகிறது.

இதுவே சரி என்னும் இடம்: வேடந்தாங்கல், கூந்தன்குளம், பள்ளிக்கரணை மாதிரி பறவை தொலைவில் நிற்கும் நீர்நிலைகள், கணக்கெடுப்புக்குச் சான்றுப்படம் எடுப்பவர்கள். உள்ளான்கள் என்னும் கரையோரச் சிறு பறவைகளில் எது எது என்று பிரிக்க, சிறகு வளைவுக்கு முன்னால் ஏறும் ஆப்பு வடிவ வெள்ளைப் பட்டை போன்ற ஓர் அடையாளம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இது கையில் இருப்பவர் குழுவுக்கே பெரிய உதவி.

## வழி 3: பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர்

கேனானும் நிக்கானும் கவனத்தை மிரர்லெஸ் பக்கம் திருப்பிவிட்டதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றும் பழைய வகை) சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. இதில் இரண்டு கிளைகள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். இங்கிருந்து வரும் லென்ஸ் எண்கள் நிஜக் குவியத் தொலைவு; 35 மி.மீ. கணக்குக்குக் கேனானில் 1.6ஆலும் நிக்கானில் 1.5ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

லேசான கிளை: கேனான் 80டி, இஎஃப்-எஸ் 55-250 எஸ்டிஎம். சேர்த்து 1.1 கிலோ. சிட்டு 650 பிக்சல் சொச்சம், பூ 550 பிக்சல் பக்கம். ரேனாக்ஸ் டிசிஆர்-250 கண்ணாடியை 55-250இன் முகத்தில் மாட்டி 100 மி.மீ.யில் வைத்தால் அதே பூ 1,500 பிக்சல். 250 மி.மீ. வரை போனால் 2 மடங்கு உருப்பெருக்கம் வரும், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பூவின் நிஜ அளவைப்போல் இரு மடங்கு. ஆனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும், மகரந்தம் தெரிந்தால் இதழ் மங்கும். 100இலேயே நில்லுங்கள். எஃப் 11, 1/250 விநாடி, பூவிலிருந்து 12 செ.மீ. பூவுக்கு இந்த நான்கு வழிகளில் காசுக்கு மிக அதிகம் தருவது இந்தச் சேர்க்கைதான்.

கனமான கிளை: நிக்கான் டி7200, 200-500 எஃப் 5.6. சேர்த்து 3 கிலோவுக்குச் சற்றே மேல். சிட்டு 1,250 பிக்சல்; அதுவும் 89 மி.மீ. வாய் வாங்கிய ஒளியில். மேகமூட்டக் காலையில், மரநிழலில் அரசவால் ஈப்பிடிப்பான் வந்து உட்கார்ந்தால், இங்கே ஒப்பிடும் எந்தக் கருவியும் இதன் பக்கத்தில் நிற்காது. பூவுக்கு? 2.2 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. இடுப்பு உயரச் செங்காந்தளை எடுக்கலாம், விஷ்ணுகிராந்தியை மறந்துவிடலாம். பூப் பார்க்கிற நண்பர்களோடு போகிறவர் இதை வாங்கினால் பாதி நேரம் தள்ளி நின்றுகொண்டிருப்பார்.

இரண்டுக்கும் பொதுவான நல்ல குணம் பேட்டரி. டி7200க்கு நிக்கான் தரும் கணக்கு ஒரு சார்ஜில் 1,110 படம், பி950க்கு 290தான்.

பழையது வாங்கும்போது கடையிலேயே பார்க்க வேண்டியவை: லென்ஸின் இரு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்த வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை. விலையைப் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள், சுத்தம் செய்தாலும் பூச்சு அரிக்கப்பட்டிருக்கும். தூசித் துகள்கள் பரவாயில்லை. வெள்ளைச் சுவரை எஃப் 16இல் எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளிகள் சென்சார் அழுக்கு, அது துடைத்தால் போகும். ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை) கேளுங்கள். டி7200இன் ஷட்டருக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 1,50,000. பில்லிலும் உடலிலும் உள்ள வரிசை எண் ஒன்றா என்று பாருங்கள். கடைசியாக, ஜூமின் இரு முனைகளிலும் நுண்ணெழுத்து உள்ள ஒரு அட்டையைச் சாய்த்து வைத்து எடுங்கள். கூர்மை முன்னாலோ பின்னாலோ தள்ளி விழுந்தால் இந்த இரு கேமராக்களிலும் மெனுவில் சரிசெய்யலாம். சரிசெய்தும் அடங்கவில்லை என்றால் வேறு லென்ஸ் பாருங்கள்.

இதுவே சரி என்னும் இடம்: காசு குறைவு, கற்கும் ஆசை அதிகம், பூ முதலில், பறவை அடுத்து என்றால் லேசான கிளை. பறவையே எல்லாம், நடை குறைவு, ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருப்பு என்றால் கனமான கிளை. போட்ட காசு வீணாகாது: இந்த லென்ஸ்களை அந்தந்த நிறுவனத்தின் அடாப்டர் வழியாக மிரர்லெஸ் உடலிலும் மாட்டலாம், ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

## வழி 4: புதிய மிரர்லெஸ்

எடுத்துக்காட்டு: கேனான் ஆர்10 (429 கிராம்), ஆர்எஃப் 100-400 (635 கிராம்). மொத்தம் 1,064 கிராம். சிட்டு 1,070 பிக்சல், பூ 770 பிக்சல். இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரே லென்ஸில், எதையும் மாட்டாமல் கழற்றாமல், இரண்டு பக்கமும் தேறுவது இது ஒன்றுதான். 100-400இன் இரகசியம் அதன் 0.41 மடங்கு உருப்பெருக்கம். முழு ஜூமில் பூவிலிருந்து ஒரு மீட்டர் அளவு தள்ளி நின்றே எடுக்கலாம். நிழல் விழாது, பின்னணி கரைந்து நிற்கும், பூமேல் உட்கார்ந்த பட்டாம்பூச்சியும் ஓடாது. வேலிக்கு அந்தப் பக்கம், சேற்றுக்கு அந்தப் பக்கம் பூத்ததையும் மிதிக்காமல் எடுக்கலாம்.

இன்னொரு பெரிய வித்தியாசம், பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் ஃபோகஸ். டிஎஸ்எல்ஆரில் மாதக்கணக்கில் பழகிப் பெறும் கைத்திறனில் பாதியை இது முதல் நாளே கொடுத்துவிடுகிறது. அடர்ந்த கிளைகளுக்குள் மட்டும் முன்னால் இருக்கும் இலையைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும். அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற ஒரு பொத்தானை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

குறை, எஃப் 8. 50 மி.மீ. வாய்தான். ஆறரை மணிக்கு மரத்தடியில் 1/500 விநாடி வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 6400க்கு ஏறும், படத்தில் புள்ளி இரைச்சல் கூடும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக) எடுத்து, இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டால் சமாளிக்கலாம். அதற்கு ஓரளவு வலுவான கணினி வேண்டும். இன்னொன்று: சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் பறக்கும் பறவையை எடுத்தால் சிறகு வாழைப்பழமாக வளையும். உட்கார்ந்திருப்பதற்கு மின்னணு ஷட்டர், பறப்பதற்கு இயந்திர ஷட்டர், 1/2000 விநாடி.

சோனிக்காரர்களுக்கு இதே வேலையை 625 கிராம் 70-350 செய்யும். நிக்கானின் 180-600 அருமையான லென்ஸ். ஆனால் இரண்டு கிலோவைத் தாண்டுவதால் மறுபடி கனமான கிளைக்குள் போய்விடுகிறோம்.

இதுவே சரி என்னும் இடம்: மாதத்துக்கு மூன்று நான்கு நடை நிச்சயம் என்பவர்கள், பூவும் பறவையும் சரிபாதி, தோள், கழுத்து வலி உள்ளவர்கள். ஒரு லட்சத்தைத் தாண்டும் செலவு இது. ஒரே ஆள் ஒரே கருவி என்ற நிலையில் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | 10 மீட்டரில் சிட்டு (பிக்சல்) | 7 மி.மீ. பூ (பிக்சல்) | எடை | தடுக்கும் இடம் |
|---|---|---|---|---|
| போன், 8x42 பைனாகுலர் | 30–130 | 150. கவ்வி லென்ஸுடன் 700+ | பைனாகுலர் 650–750 கிராம் | சிறு பறவை |
| பி950 | 2,500 (பாதியாகக் கொள்க) | ரேனாக்ஸுடன் வேண்டிய அளவு | 1 கிலோ | பறக்கும் பறவை, ஃபோகஸ் |
| 80டி, 55-250 | 650+ | 550. ரேனாக்ஸுடன் 1,500 | 1.1 கிலோ | தொலைவு |
| டி7200, 200-500 | 1,250 | 390 | 3 கிலோ | சுமை, சிறு பூ |
| ஆர்10, 100-400 | 1,070 | 770 | 1.06 கிலோ | விடியல் இருட்டு, விலை |

## பில்லில் வராத செலவுகள்

ஈரம். நம் கடலோர ஊர்களில் லென்ஸைக் கொல்வது மழையைவிட அலமாரிதான். பையின் பஞ்சுத் தடுப்புகள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸில் பூஞ்சை வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ட்ரை கேபினட் நல்லது. இல்லையென்றால் காற்றுப்புகா மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி. 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும் வறுத்து எடுத்தால் மறுபடி உழைக்கும். பி950க்கும் இது பொருந்தும். அதில் பூஞ்சை வந்தால் லென்ஸை மட்டும் மாற்றவும் முடியாது.

சில்லறைகள். இரண்டாவது பேட்டரி. வேகமான 64 ஜிபி கார்டு இரண்டு. லென்ஸ் ஹூட், ஆர்எஃப் 100-400க்குப் பெட்டியில் அது வராது, தனியாக வாங்க வேண்டும். கழுத்துவாருக்குப் பதில் குறுக்குத் தோள்வார். ரேனாக்ஸ் கண்ணாடி. எல்லாம் சேர்ந்து பட்ஜெட்டில் பத்து சதவீதத்துக்குமேல் விழுங்கும்.

கோப்புகள். ஒரு ரா படம் 25 முதல் 30 எம்பி. ஒரு காலையில் 800 படம் எடுத்தால் 20 ஜிபிக்கும் மேல். இதைத் தரம் பிரிக்க ஞாயிறு மதியம் முழுக்கப் போகும். குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. டார்க்டேபிள் இலவசம், கேனானும் நிக்கானும் தங்கள் கேமராக்களுக்கு இலவசமாகவே தருகின்றன.

நுழைவு. பல சரணாலயங்களில் கேமராவுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். காப்புக்காடு என்றால் சீட்டு மட்டும் போதாது, வனத்துறையின் முன்அனுமதி வேண்டும்.

## ஆறு பேர் என்றால் ஆறு கேமரா வேண்டாம்

தனியாளுக்குச் சரியான விடை குழுவுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆறு பேரும் ஆறு 100-400 வாங்குவதைவிட, ஒருவரிடம் நீள லென்ஸ், ஒருவரிடம் ரேனாக்ஸ் மாட்டிய 55-250, மற்ற நால்வரிடம் போனும் பைனாகுலரும் என்று பிரித்துக்கொண்டால் எதுவும் தப்பாது. செலவு மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. பைனாகுலர் வைத்திருப்பவர்தான் பறவையை முதலில் பார்ப்பார், லென்ஸ் வைத்திருப்பவர் அல்ல; கண்டுபிடித்துக் கொடுக்க ஆளில்லாத நீள லென்ஸுக்குப் பாதி வேலைதான். அடுத்து வாங்குகிறவர் முதல் ஆளின் அதே பிராண்டை எடுத்தால் லென்ஸையும் பேட்டரியையும் மாற்றிக்கொள்ளலாம்.

நடக்கும் வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. பறவைக்காரர் முன்னால், பூக்காரர்கள் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால். முதல் அரைமணிக்குப் பூவுக்காக யாரும் முன்னே ஓட வேண்டாம்; பூ எங்கும் போகாது. வெயில் ஏறிக் கானல் தொடங்கியதும் முறை மாறட்டும், பறவைக்காரர் பூக்காரருக்குக் குடை பிடிக்கலாம். வெள்ளைத் துணிக் குடையின் நிழலில் எடுத்த பூவுக்கும் நேர்வெயிலில் எடுத்த பூவுக்கும் உள்ள வித்தியாசம் எந்த லென்ஸ் மாற்றத்தையும்விடப் பெரிது.

கிளம்புமுன் செய்ய வேண்டியது ஒன்று: எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே போனின் நேரத்துக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால், ஒவ்வொரு கேமராவிலும் அந்தப் போனின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். வித்தியாசத்தைப் பிறகு கணினியில் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடலாம். ஒருவருடைய போனில் இ-பேர்டு என்ற பறவைப் பதிவுச் செயலி பாதையைப் பதிவுசெய்துகொண்டே வந்தால், இடக்குறிப்பு இல்லாத கேமராப் படங்களுக்கும் நேரத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கலாம். குழுவுக்குள் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, நேரக் குறிப்பும் போய்விடும்.

அப்படி அனுப்பும் கோப்பில் இடக்குறிப்பும் சேர்ந்தே போகும் என்பது நினைவிருக்கட்டும். கூடு, காட்டு ஆர்க்கிட், குன்றில் ஒன்றிரண்டே மிஞ்சிய செடி ஆகியவற்றின் படங்களைக் குழுவுக்கு வெளியே கொடுக்குமுன் அந்தக் குறிப்பை நீக்கிவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் தேர்வை இயக்கிவிட்டுப் பிறகு சமர்ப்பியுங்கள்.